வான்மதி மண்டியிட்ட காலம்

நாணலேரி நகர் என்று இப்போது பலகை வைத்திருக்கிற இடத்தில் முன்பு ஏரிதான் இருந்தது. ஏரி போய் மனைகள் வந்து, மனைகள் போய் அடுக்கு வீடுகள் வந்து, கடைசியில் விமானங்கள் சக்கரத்தைக் கீழே இறக்கிக்கொண்டு வருகிற பாதைக்கு நேர் அடியில், எட்டு மாடியும் முப்பத்திரண்டு வீடுகளுமாக வான்மதி அடுக்ககம் எழும்பி நின்றது. ஜனங்கள் பால் காய்ச்சிக் குடியேறிப் பதினோரு நாள் ஒரு குறையும் இல்லாமல் கழிந்தது, ஏனென்றால் அந்தப் பக்கத்து ஓடுபாதையைச் செப்பனிடுவதற்காக ஆறு மாதமாக மூடி வைத்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் திறந்தார்கள். அன்று காலை ஏழு இருபதுக்கு முதல் விமானம் வந்தபோது வான்மதி மண்டியிட்டது.

கார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தில் சுவரில்லாமல் விட்டிருந்த இடத்தில் இருபத்துநாலு தூண்கள் நின்றன. பசுமாடு படுக்கப் போகும்போது முன்னங்காலை மடக்குமே, அந்த மாதிரி இருபத்துநாலும் நடுவில் மடங்க, எட்டு மாடியும் அலுங்காமல் குலுங்காமல் கீழிறங்கி, முதல் மாடி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வாசலுக்கு வந்த கீரைக்காரியின் கூடையை எட்டித் தொடுகிற உயரத்துக்கு வந்து, விமானத்தின் வயிறு மொட்டை மாடியைத் தாண்டிப் போகிற வரைக்கும் அடக்க ஒடுக்கமாக இருந்து, பிறகு மெல்ல எழுந்து நின்றது. கீழே நின்ற இரண்டு கார்களும் ஏழு ஸ்கூட்டர்களும் அப்பளமாயின. மற்றபடி ஒரு கண்ணாடி உடையவில்லை, ஒரு சுவரில் கீறல் இல்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் தேவசகாயம், தபால் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர், அந்த நேரம் பார்த்து முகம் மழித்துக்கொண்டிருந்தபடியால் தாடையில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்தது.

"இன்னா சார் இது, நம்ம பில்டிங்கு குனிஞ்சி வணக்கம் வெக்குது!" என்று வாட்ச்மேன் ஏகாம்பரம் கேட்டுக்கு வெளியே நின்று கத்தினார்.

"மரியாதை தெரிஞ்ச பில்டிங்குய்யா," என்றார் தேவசகாயம், தாடையில் பஞ்சை அழுத்திக்கொண்டு. "மேல போறவனுக்கு வழி விடுது. நம்ம ரோட்டுல எவன் விடறான்?"

அவ்வளவுதான். பத்து நிமிஷம் கழித்து இரண்டாவது விமானம் வந்தது, மறுபடியும் மண்டியிட்டது. சாயங்காலத்துக்குள் நாற்பது தடவை ஆயிற்று. நாற்பது தடவை பார்த்த எதுவும் மனுஷனுக்கு அதிசயமாக இருப்பதில்லை. ஒரு வாரத்துக்குள் வண்டிகளை ரோட்டோரத்தில் நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள், விமானம் வருகிற நேரத்தில் லிஃப்டில் ஏறாமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள், காபியை முக்கால் டம்ளருக்கு மேல் ஊற்றாமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள். இறங்கி ஏறுகிற அசைவு தொட்டில் ஆட்டுவது போல் இருந்ததால் மூன்று தெரு தள்ளியிருந்தவர்கள்கூட அழுகிற கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, வான்மதியில் தெரிந்தவர் வீட்டில் அரை மணி நேரம் கிடத்தித் தூங்கவைத்து எடுத்துப் போனார்கள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், தங்கள் வண்டி வாசலில் வந்து நின்ற நேரத்தில் கட்டடமே பணிந்ததைப் பார்த்து, இந்த இடத்துப் பெண் எப்படி இருப்பாள் என்று கேட்கவும் வேண்டுமா என்று காரிலிருந்தபடியே சம்மதம் சொல்லிவிட்டது. அந்தப் பெண் ஒருவருக்கும் பணிகிற ரகம் இல்லை என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

இந்த முப்பத்திரண்டு வீடுகளிலும் கட்டடம் எத்தனை அடி கீழே இறங்குகிறது என்று அளக்காமலே தெரிந்த ஆள் ஒருவர்தான் இருந்தார். எட்டாவது மாடியில், படிக்கட்டுக்கு இடப்பக்க வீட்டில் குடியிருந்த சர்வேயர் சபாநாயகம். முதல் நாள் காலை பூஜை அலமாரிக்கு முன்னால் நின்றவர், காலடித் தரை இறங்க ஆரம்பித்து நின்ற அந்தக் கணத்திலேயே மனசுக்குள் எட்டடி என்று சொல்லிக்கொண்டார். சொன்னதும் கையிலிருந்த கற்பூரத்தை ஏற்றாமலே கீழே வைத்தார். ஏனென்றால் அந்த எட்டடி அவருடையது.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களுக்குத் தரையிலிருந்து இத்தனை உயரம் என்று யாரும் அனுமதி தருவதில்லை. தரை மேடாகவும் இருக்கும் பள்ளமாகவும் இருக்கும், விமானத்துக்கு அதெல்லாம் பொருட்டில்லை. கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டருக்கு மேல் உன் கட்டடத்தின் உச்சி போகக் கூடாது என்றுதான் எழுதித் தருவார்கள். வான்மதிக்கு நாற்பத்திரண்டு மீட்டர். மனையின் தரை கடல் மட்டத்துக்கு மேல் பதினாலு மீட்டரில் இருக்கிறது என்று ஒழுங்காக அளந்து எழுதிக் கொடுத்தவர் சபாநாயகம்தான். ஆக, கட்டடம் இருபத்தெட்டு மீட்டர் இருக்கலாம். அதுவரைக்கும் ஒரு பிசகும் இல்லை. அந்த வருஷம் ஐப்பசியில் பெரிய மழை வந்தது, மனை முழுக்க இடுப்பளவு தண்ணீர் நின்றது. பிறகு அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதைத்தான் கட்டுமானக்காரரும் செய்தார்: லாரி லாரியாக மண் கொண்டுவந்து கொட்டி எட்டடி உயர்த்தி, அதற்கு மேல் கட்டடத்தைக் கட்டினார். கட்டிலின் மேல் ஃபிரிட்ஜைத் தூக்கிவைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து இரவைக் கழித்தவர்கள் எவரும் இதைத் தப்பென்று சொல்ல மாட்டார்கள்.

கட்டி முடித்த பிறகு உயரத்தை அளந்து சான்றிதழ் தரவேண்டியவரும் சபாநாயகம்தான். அடுத்த வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம் என்று பத்திரிகை அடித்துவிட்டார்கள், அதில் அவருடைய வீட்டுக் கிரகப்பிரவேசமும் ஒன்று. கடல் மட்ட உயரத்தைக் குறித்து நட்டிருந்த பழைய அளவுக்கல் எட்டடி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. அவர் கருவியைப் புது மண்ணின் மேல் நிறுத்தினார், உச்சியைப் பார்த்தார், இருபத்தெட்டு மீட்டர் காட்டியது, காகிதத்திலும் இருபத்தெட்டு இருந்தது, கையெழுத்துப் போட்டார். முப்பது வருஷமாகக் கடல் மட்டம் கடல் மட்டம் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்த மனுஷன், சொந்த வீடு என்று வந்ததும் காலுக்குக் கீழே இருந்த மண்ணை நம்பிவிட்டார்.

மறுநாள் குளிக்கும்போது உறைத்தது. ஈரத் தலையோடு வெளியே வந்தார், சொல்லிவிடலாம் என்றுதான் வந்தார். மனைவி வசுமதி புது வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருபத்தாறு வருஷம் கீழ்ப் போர்ஷன் வீடுகளிலேயே குடித்தனம் செய்தவள், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், மழை வந்தால் வாசல் வழியாக ஊர்ச் சாக்கடை. இரண்டு வெள்ளத்தில் கல்யாண ஆல்பம், பட்டுப் புடவைகள், மாமியார் கொடுத்த தேக்குப் பெட்டி எல்லாம் போயின. "இனிமே செத்தாலும் தரையில குடியிருக்க மாட்டேங்க," என்று அவள் சொன்னதனால்தான் எட்டாவது மாடி. அந்த முகத்தைப் பார்த்ததும் சபாநாயகத்துக்கு வாய் வரவில்லை. அன்று வராத வாய் அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் வரவேயில்லை.

அந்த ஒன்றரை வருஷமும் கட்டடம் அவருக்காகச் சளைக்காமல் மண்டியிட்டது. வெயிலில் மண்டியிட்டது, மழையில் மண்டியிட்டது, பொங்கலன்றும் மண்டியிட்டது. சபாநாயகம் சோற்றில் கை வைக்கும்போது இறங்கும், மோர் ஊற்றும்போது எழும். ஊரெல்லாம் அதை மரியாதை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவருக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் தன் கையெழுத்தை யாரோ உரக்க வாசிப்பது போல இருந்தது.

விமான நிலையத்தில் புது முனையம் திறந்தார்கள். நாற்பது விமானம் நூற்றெண்பது விமானம் ஆயிற்று. மூன்று மாதத்தில் வான்மதி களைத்துப்போனது ஊருக்கே தெரிந்தது. தூண்கள் மடங்குகிற இடத்தில் சொடக்கு விடுகிற சத்தம் கேட்டது, பூச்சு உதிர்ந்தது, எழுந்து நிற்பதற்கு முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. முதலில் இதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் வசுமதிதான், முட்டிவலிக்காரர்களைத் தினமும் பார்க்கிறவள் அவள். சங்கக் கூட்டத்தில் எழுந்து, "இது முட்டி தேய்மானம். ஒத்தடம் கொடுத்தா கொஞ்சம் தாங்கும்," என்றாள். அதை ஒருவரும் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. மாடிக்கு மூன்று தூண் என்று பிரித்துக்கொண்டார்கள். பகலில் விமானம் இல்லாத ஒரே நேரம் ஒன்றே முக்காலிலிருந்து இரண்டு பத்து வரைக்கும். அந்த இருபத்தைந்து நிமிஷத்துக்குள் பெண்களும் ஆண்களும் வெந்நீர் வாளியோடு கீழே ஓடி, தவிட்டை வறுத்து மூட்டை கட்டி ஒற்றி, விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தூண்களின் முட்டியில் மேலிருந்து கீழாக நீவிவிட்டு, இரண்டு ஐந்துக்கு ஏகாம்பரம் விசில் ஊதியதும் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். செவ்வாய், வெள்ளியில் மஞ்சள் பற்றும் போட்டார்கள்.

ஒரு நாள் அப்படி நீவிக்கொண்டிருக்கும்போது வசுமதி கேட்டாள்: "ஏங்க, பள்ளிக்கூடத்துல தப்பு பண்ண பசங்களத்தான மண்டி போடச் சொல்லுவாங்க? இது என்ன தப்பு பண்ணிச்சாம்?"

பக்கத்துத் தூணில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த சபாநாயகம் நிமிரவில்லை.

"யார் பண்ண தப்போ," என்றாள் அவளே. "பாவம், வாயில்லா ஜீவன்."

அன்று அவர் சாப்பிடவில்லை.

இதற்கிடையில் நாணலேரி நகரின் மற்ற மனைகளில் கட்டுகிறவர்களுக்கு ஆசை வந்துவிட்டது. தெற்கே ஒருவர் பதினாலு மாடிக்குத் தூண் போட்டார். உயரம் அதிகமாயிற்றே என்று கேட்டவர்களிடம், "வான்மதி குனியலையா? நம்மளும் குனிய வெச்சிருவோம். சிமென்ட்டு, கம்பி எல்லாம் அதே கம்பெனிதான்," என்று சொன்னார். விளம்பரப் பலகையில் ஒரு கட்டடம் கைகூப்பிக் குனிந்திருக்கிற படம்கூடப் போட்டார்கள். அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் சபாநாயகம் தலையைத் திருப்பிக்கொள்வார். அந்தப் பதினாலு மாடி குனியப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். எல்லாக் கட்டடமும் இப்படிப் பிறத்தியார் தப்பைச் சுமக்க வராது.

கார்த்திகை மாதத்தில், நல்ல மழை பெய்த ஒரு மத்தியானம், வான்மதிக்கு நேரம் தப்பியது. விமானச் சத்தம் கேட்டுத் தூண்கள் சொடக்கின, மடங்க ஆரம்பித்தன, பாதியில் நின்று நடுங்கின. எட்டாவது மாடியில் சபாநாயகத்துக்கு எதிர்வீடு ஹமீதாவுடையது, தையல்காரி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். மழைக்குத் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனவள் விமானத்தின் சக்கரத்தில் எழுதியிருந்த எழுத்துகளைப் படிக்கிற அளவுக்குப் பக்கத்தில் பார்த்தாள். அப்படியே தரையோடு தரையாகப் படுத்துவிட்டாள். சக்கரம் அவளுடைய துணிக்கொடியை அறுத்து, பச்சைத் துப்பட்டா ஒன்றை மாட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்கு அப்புறம்தான் கட்டடம் முழுசாக மண்டியிட்டது, அன்று எழுந்து நிற்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் காலை விமான நிலையத்திலிருந்து உயரங்களைக் கவனிக்கிற அதிகாரி வந்தார். அபிநயா என்று பெயர், முப்பது வயசு இருக்கும், கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே பச்சைத் துப்பட்டா, துவைத்து மடித்து வைத்திருந்தது.

"இது யார் வீட்டுதுங்க?"

"என்னுதுதான் மேடம்," என்றாள் ஹமீதா. "எங்க கிடைச்சுது?"

"சக்கரத்துல சுத்தியிருந்துச்சு. நூத்தறுபது பேர் இருந்தாங்க உள்ள." அபிநயா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கட்டடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். அந்த நேரம் ஒரு விமானம் வந்தது, வான்மதி முனகிக்கொண்டே இறங்கியது, அதிகாரி கருவியில் பார்த்தார், நாற்பத்திரண்டு மீட்டர், சரியாக இருந்தது. எழுந்து நின்றதும் பார்த்தார். எட்டடி அதிகம்.

தேவசகாயம் விடவில்லை. "மேடம், பிளேன் வர்றப்ப கரெக்டான உயரத்துல இருக்குல்ல? பிளேன் இல்லாதப்ப அது எவ்ளோ நிமிர்ந்து நின்னா ஏர்போர்ட்டுக்கு என்ன?"

அபிநயா கருவியைக் கீழே வைத்தார். "ரூல்ஸ்ல கட்டடம் மண்டி போடலாம்னும் இல்ல சார், போடக் கூடாதுன்னும் இல்ல. ஆனா நேத்து அதால முடியல. நாளைக்கும் முடியாமப் போகலாம்." பிறகு கோப்பைப் பிரித்தார். "இதுல இருபத்தெட்டு மீட்டர்னு சர்டிஃபிகேட் இருக்கு. கையெழுத்துப் போட்டது எஸ். சபாநாயகம். அவர் எங்க இருக்கார்னு தெரியுமா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சபாநாயகம் கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார்.

"சர்வேயர் சார் கில்லாடிங்க, அவர் அளந்தா தப்பே வராது," என்றார் தேவசகாயம். அவரைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

தப்பிப்பதற்கு வழி இருக்கத்தான் செய்தது. மண் அமுங்கியது என்று சொல்லலாம், கட்டுமானக்காரர் அப்புறமாக உயர்த்தினார் என்று சொல்லலாம், அந்த ஆள் ஊரைவிட்டே போய் ஒரு வருஷமாகிறது, மறுத்துப் பேச வரப்போவதில்லை. கட்டடமும் முடிந்தவரைக்கும் மண்டியிட்டுக்கொண்டே இருக்கும். சபாநாயகம் ஹமீதாவின் கையிலிருந்த துப்பட்டாவைப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"தப்பு என்னுதுங்க," என்றார். "கடல் மட்டத்துலேர்ந்து எடுத்திருக்கணும். கொட்டின மண்ணுலேர்ந்து எடுத்துட்டேன். மறுநாளே எனக்குத் தெரியும். வாயைத் திறக்கல. அந்த எட்டடியத்தான் இது இத்தனை நாளா மறைச்சு மறைச்சு நின்னுது."

ஒரு விமானம் போய், அடுத்த விமானமும் போயிற்று.

"அப்ப மேல ஒரு மாடிய எடுத்தாகணும்," என்றார் அபிநயா, மெதுவாக.

எட்டாவது மாடியில் நாலு வீடு. ஹமீதா அங்கேயே மழைத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, சொல்லியிருந்தா நான் ரெண்டாவது மாடியில வாங்கியிருப்பேனே அண்ணே," என்று மட்டும் சொன்னாள், திட்டக்கூட இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வசுமதி மேலே போனாள், ஜன்னலைத் திறந்து வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு கீழே வந்து, மூன்றாவது மாடியில் அவளோடு வேலை பார்க்கிற இன்னொரு நர்ஸ் வீட்டில் போய்த் தங்கிவிட்டாள். அதற்கப்புறம் சபாநாயகத்தோடு அவளுக்குப் பேச்சு இல்லை. அவர் கேட்டுக்குப் பக்கத்தில் ஏகாம்பரத்தின் அறையில் பாயைப் போட்டுக்கொண்டார்.

நாணலேரி ஜனங்கள் அதையும் ஜீரணித்தார்கள். இரண்டு வாரம் அவரைத் திட்டினார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள், ஒருவர் காறித் துப்பினார். பிறகு ஆகவேண்டியதைப் பார்க்க உட்கார்ந்தார்கள். நாலு குடும்பத்தை எங்கே வைப்பது? மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தேவசகாயம்தான் அதைச் சொன்னார்: மேலே போகத்தான் தடை, கீழே தடை இல்லை, இனி மண்டியிட வேண்டாமென்றால் தரைத்தளம் சும்மாதான் கிடக்கும், வண்டிகள்தான் ஏற்கெனவே ரோட்டுக்குப் போய்விட்டனவே, தூண்களுக்கு நடுவில் சுவர் எழுப்பினால் நாலு வீடு. அதற்கு வேறொரு ஆபீஸ், வேறொரு கோப்பு, வேறொரு அலைச்சல், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். வசுமதி தூக்கவில்லை. தரையில் வீடு என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து போய்விட்டாள்.

மேல் மாடியைச் செங்கல் செங்கலாக எடுத்தார்கள். எடுக்க எடுக்க வான்மதி மண்டியிடுவது குறைந்துகொண்டே வந்தது. எட்டடி இறங்கியது ஆறடி ஆயிற்று, நாலடி ஆயிற்று, பிறகு சும்மா முட்டியை லேசாக வளைப்பதாயிற்று. சபாநாயகம் கூலியாட்களோடு சேர்ந்து சட்டி சுமந்தார். சொந்த வீட்டுச் சுவரை இடிக்கிற அன்று பூஜை அலமாரி இருந்த இடத்தைத் தானே உளியால் பெயர்த்து எடுத்தார். இடிப்பு முடிவதற்கு முன்பே, யாரும் கேட்காமலே, நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ரயில் நிலையத்துக்குப் போனார். ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகையில் கடல் மட்டத்திலிருந்து உயரம் இத்தனை என்று போட்டிருக்குமே, அங்கே தொடங்கி, கருவியையும் அளவுகோலையும் தூக்கிக்கொண்டு, ஐம்பதடிக்கு ஒருமுறை நிறுத்திப் பார்த்து, எழுதி, மறுபடி நடந்து, மூன்று நாளில் வான்மதி வாசலுக்குக் கடலின் மட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தார். பிறகு திரும்பப் போய் இன்னொரு தடவை எடுத்தார். நாலு தடவை எடுத்தார். அபிநயாவும் தன் பங்குக்கு அளந்து பார்த்தார், விரல் அளவு வித்தியாசம் இல்லை.

ஆனாலும் ஒரு சந்தேகம் எல்லோர் மனசிலும் இருந்தது, ஏகாம்பரம் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டார்: "ஒன்னர வருசமா பழகிட்ச்சே சார். பழக்க தோசத்துல மண்டி போட்ருச்சுன்னா?"

போட்டுவிட்டால் கீழே வீடு கட்ட முடியாது, நாலு குடும்பமும் இடித்ததற்குப் பலனில்லாமல் தெருவில் நிற்க வேண்டியதுதான். அளவு சரியாக இருப்பது வேறு, முட்டிக்கு அது தெரிவது வேறு. கடைசிச் செங்கல்லை இறக்கியதும் முதலில் வரவிருந்த மாலை நாலு மணி விமானத்துக்கு எல்லோரும் தெருவில் கூடி நின்றார்கள். அபிநயாவும் வந்திருந்தார். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சபாநாயகம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தெருவிலிருந்து உள்ளே நடந்து, இருபத்துநாலு தூண்களுக்கும் நடுவில் போய் நின்றார்.

"சார், வெளியே வாங்க!" என்று அபிநயா கத்தினார். "தூரத்துலேர்ந்தே பார்த்துக்கலாம்!"

"இல்லம்மா. கையெழுத்துப் போட்டவன் நிக்கணும்," என்றார் அவர்.

தேவசகாயம் இழுத்துவரப் போனார், இரண்டு அடி வைத்ததும் மேலே பார்த்துவிட்டு நின்றுவிட்டார். சபாநாயகம் பக்கத்துத் தூணின் முட்டியில் கையை வைத்தார். விளக்கெண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருந்தது. மன்னித்துவிடு என்று சொன்னார், தூணிடம்தான், சத்தமாகவே சொன்னார். பயமாக இருந்தது. சாவதைவிட, இது மறுபடியும் தனக்காக மடங்கிவிடுமோ என்பதுதான் பெரிய பயமாக இருந்தது.

கிழக்கே சத்தம் கேட்க ஆரம்பித்தபோது கூட்டத்திலிருந்து வசுமதி வெளியே வந்தாள். யாரோ கையைப் பிடித்தார்கள், உதறினாள். ஆஸ்பத்திரியில் வார்டு சுற்றும்போது நடப்பாளே, அந்த வேகத்தில் உள்ளே வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டரை மாதத்துக்கு அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீ எதுக்கு வந்த? போ, வசு. போயிரு."

"அளவு சரியா எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"கடல் மட்டத்துலேர்ந்து. நாலு தடவை."

"அப்புறம் எதுக்குப் போகச் சொல்றீங்க?" என்றாள்.

விமானம் வந்தது. சத்தம் தூண்களின் வழியாக இறங்கி இருவரின் பாதத்துக்கும் வந்தது. தெருவில் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள், ஹமீதா வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு உதட்டுக்குள் ஓதினாள். இருபத்துநாலு முட்டிகளும் சொடக்கின, ஒரு நடுக்கம் ஓடியது, மேலேயிருந்து சுண்ணாம்புத் தூள் சபாநாயகத்தின் தலையில் உதிர்ந்தது. விமானத்தின் நிழல் மொட்டை மாடியைக் கடந்து, தெருவைக் கடந்து, ஜனங்களின் முகங்களைக் கடந்து ஓடுபாதைப் பக்கம் போய்விட்டது. வான்மதி நின்றபடி நின்றது.

தெருவில் கூச்சலும் கைதட்டலும் எழுந்தன. ஏகாம்பரம் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார், தேவசகாயம் அபிநயாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டே அழுதார். சபாநாயகம் அப்படியே தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்.

வசுமதி உட்காரவில்லை. முந்தானையால் அவர் தலையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, கூரையை அண்ணாந்து பார்த்தாள், தரையைக் காலால் தட்டிப் பார்த்தாள், தூணுக்குத் தூண் எட்டு வைத்து நடந்தாள். ரோட்டிலிருந்து உள்ளே ஏறிவருகிற சரிவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி இங்க வராதில்ல?"

"வராது. எட்டடி மண்ணு," என்றார் சபாநாயகம்.

அவள் தலையாட்டினாள். வெளிச்சம் விழுகிற பக்கமாக இரண்டு தூண்களுக்கு நடுவில் போய் நின்று, இல்லாத சுவரில் கையை வைத்துக் காட்டினாள்.

"அடுப்படி ஜன்னல் இங்க வரட்டும். கொஞ்சம் பெரிசாவே வைக்கச் சொல்லுங்க."